கட்டற்ற மென்பொருளும் கையேடு எழுதும் தொண்டும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஒரு கருவியைச் செய்பவர் வேறு. அதனைக் கையாள்பவர் வேறு. கலப்பை செய்த தச்சர் உழவரின் தெருவிலேயே குடியிருந்த காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. ஐயம் எழுந்தால் திண்ணையில் அமர்ந்து கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். இன்றோ, நாம் நாள்தோறும் கையாளும் கருவிகளைச் செய்தவர் யாவர், எந்நாட்டினர் என்பதையே நாம் அறியோம். செய்தவர் சொல்ல வேண்டியதைக் கையாள்பவரிடம் கொண்டு சேர்ப்பது அக்கருவியுடன் வரும் கையேடு ஒன்றே. அக்கையேட்டினை யார் எழுதுகின்றனர், எவ்வாறு எழுதுகின்றனர், அப்பணியில் நம்மைப் போன்ற கலைக்கல்லூரி மாணவர்க்கு இடமுண்டா என்பனவற்றைக் கட்டற்ற மென்பொருளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறியை இயக்கும் ஆணைத் தொகுப்பினை மென்பொருள் என்கிறோம். மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதப்பட்ட அவ்வாணைகளை மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் பலவும் மூலநிரலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கின்றன. மூலநிரலை எவரும் காணவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்து வெளியிடப்படுவனவே கட்டற்ற மென்பொருள்கள். 1983இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ எனும் திட்டத்தை அறிவித்ததும், 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டதும் இவ்வியக்கத்தின் பெருநிகழ்ச்சிகள். இவை பலரும் அறிந்தவை, ஆதலின் விரிக்கவில்லை.

உரிமை இருக்கிறது, வழி தெரியவில்லை. இதுவே இன்றைய நிலை. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறிகளை எண்ணிப் பாருங்கள். வணிக இயக்கமுறையான விண்டோசுடன், நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எனும் கட்டற்ற இயக்கமுறையும் அவற்றில் சேர்ந்தே வந்தது. அந்தப் பக்கத்தை ஒரு முறையேனும் திறந்து பாராதவர் நம்முள் பலர். திறந்து பார்த்த சிலரும் பக்க எண் இடுவது எப்படி, தமிழில் தட்டச்சு செய்வது எப்படி என அறியாது மூன்று நாள் திண்டாடிவிட்டு, நான்காம் நாள் கடைக்குச் சென்று, உரிமமின்றிப் படியெடுத்த வணிக மென்பொருளிலேயே தம் ஆய்வேட்டை அச்சிட்டு வந்தனர். அவர்களைக் குறை கூறிப் பயனென்ன? கேட்பதற்கு ஆளில்லை, படிப்பதற்குத் தக்க கையேடும் இல்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மென்பொருள் திட்டங்களின் பெருங்களஞ்சியமான கிட்ஹப் 2017இல் நடத்திய ஆய்வில், கையேடுகள் முழுமையற்றோ பழமைப்பட்டோ இருப்பதைக் கண்டதாக நூற்றுக்கு 93 பேர் கூறினர். அதே ஆய்வில், தாம் கையேட்டுப் பணியில் அரிதாகவே ஈடுபடுவதாக அல்லது ஈடுபடுவதே இல்லை என்று கூறிய பங்களிப்பாளர் நூற்றுக்கு 60 பேர். குறையைக் காண்போர் ஏறத்தாழ அனைவரும். குறை தீர்க்க முன்வருவோரோ சிலர்.

தோற்றமும் வளர்ச்சியும்

கணிப்பொறிக் கையேடுகளுள் முன்னோடியாய் விளங்குவது யூனிக்ஸ் கையேடு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரும் உருவாக்கிய யூனிக்ஸ் இயக்கமுறைக்கு அவர்களே எழுதிய கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் நாளைத் தாங்கி வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம் எனத் தனித்தனிப் பகுதிகள் அமைந்தன. அவற்றுள் 'குறைகள்' என்றே ஒரு பகுதியும் இருந்தது. தாம் செய்த பொருள் எவ்விடத்துப் பிழைபடும் என்பதைச் செய்தவரே கையேட்டில் எழுதி வைத்தனர். சந்தையில் விற்கும் பொருள்களின் கையேடுகளில் இத்தகைய பகுதியைத் தேடிக் காண்பது அரிது. கட்டற்ற மென்பொருள் உலகம் அந்நேர்மையைக் கைவிடாது காத்து வருகிறது. லினக்ஸின் கையேட்டுப் பக்கங்களில் இன்றும் அத்தலைப்பைக் காணலாம்.

எனினும் அக்கையேடு அகராதியைப் போன்றது. சொல்லை முன்னரே அறிந்தவர்க்கே அகராதி உதவும்; என்ன சொல்லைத் தேடுவது என்றே அறியாதவர்க்கு உதவாது. இக்குறையை நிரப்ப 1990களின் தொடக்கத்தில் தன்னார்வலர் சிலர் லினக்ஸ் ஆவணத் திட்டத்தைத் தொடங்கினர். அச்சுப்பொறியை இணைப்பது எப்படி, வலையமைப்பை அமைப்பது எப்படி என ஒரு வேலைக்கு ஒன்றாக அவர்கள் எழுதிய சிறு ஏடுகள் 'ஹௌ-டு' என்றே பெயர் பெற்றன. தமிழ் எழுத்துகளை லினக்ஸில் கையாள்வது பற்றிய ஏடும் அவ்வரிசையில் உண்டு.

அண்மைக் காலத்தில் டேனியல் புரோசிடா என்பவர் கையேட்டு எழுத்தை நால்வகையாகப் பிரித்துக் காட்டினார்: புதியவரின் கைபிடித்து நடத்தும் பாடம்; ஒரு வேலையை முடிக்க உதவும் செய்முறைக் குறிப்பு; தேடிப் பார்க்கும் விவரத் தொகுப்பு; ஏன், எதற்கு என்பதைத் தெளிவிக்கும் விளக்கவுரை. சமையல் பழகும் பெண்ணுக்கு அருகிருந்து கற்பிப்பது வேறு, சாம்பார் வைக்கும் முறையை எழுதித் தருவது வேறு அன்றோ? இந்நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதுவதனாலேயே பல கையேடுகள் எவர்க்கும் பயன்படாமற் போகின்றன என்பது அவர் கருத்து. இப்பகுப்பு எல்லா இடத்தும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆயினும், எழுதத் தொடங்கும் முன் 'இதைப் படிப்பவர் இப்போது கற்க வந்தாரா, வேலையை முடிக்க வந்தாரா?' எனக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் மிகவும் பயன் தருவதே.

தமிழ் எழுத்துரு: ஓர் எடுத்துக்காட்டு

பொதுவாகக் கூறிச் செல்வதைவிட ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துக் காண்போம். லிப்ரே ஆபீஸ் எனும் அலுவலக மென்பொருள் 2010 செப்டம்பரில், முந்தைய ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து பிறந்தது. அதனுள் கடிதம், கட்டுரை முதலியன எழுத உதவும் பகுதிக்கு ரைட்டர் என்று பெயர். ரைட்டர் உலக எழுத்து முறைகளை மூன்று கூறாகப் பிரிக்கிறது. ஆங்கிலம் முதலியன மேலை எழுத்துகள். சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியன ஆசிய எழுத்துகள். அரபு, தேவநாகரி, தமிழ் முதலியன சிக்கலான எழுத்தமைப்புகள். தமிழைச் சிக்கலானது என்கிறார்களே எனச் சினங்கொள்ள வேண்டா. 'கொ' என்னும் ஓரெழுத்தில் ககரத்தின் முன்னும் பின்னும் குறிகள் வந்து நிற்கின்றன அன்றோ? அவ்வாறு குறிகளை இடமறிந்து அடுக்க வேண்டிய எழுத்து முறைகளுக்கு அவர்கள் இட்ட பெயர் அது.

இம்மூன்று கூறுகளுக்கும் ரைட்டரில் தனித்தனி எழுத்துரு உண்டு. இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. கட்டுரை முழுவதற்கும் ஒரே எழுத்துருவை அமைக்க விரும்பும் மாணவர் பத்திப் பாணியைத் திறந்து எழுத்துருவை மாற்றுகிறார். கட்டுரையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் மாறுகின்றன; தமிழ் அப்படியே நிற்கிறது. மீண்டும் மாற்றுகிறார், மீண்டும் அதே நிலை. மென்பொருள் பழுதென்று முடிவு கட்டி எழுந்துவிடுகிறார். உண்மை யாதெனின், அவர் மாற்றியது மேலை எழுத்துக்கான பெட்டியை. தமிழுக்குரிய பெட்டி வேறு. மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்தமைப்பு என்னும் கட்டத்தில் குறியிடாதவரை பல பதிப்புகளில் அப்பெட்டி கண்ணுக்கே தென்படாது.

இதனைக் கையேட்டில் எவ்வாறு எழுதுவது? 'சிக்கலான எழுத்தமைப்பு மொழிகளுக்குரிய ஆதரவைச் செயற்படுத்தியபின் உரிய எழுத்துருவைத் தெரிவு செய்க' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் படிப்பவர்க்குப் பயனும் ஒன்றுமில்லை. தம் சிக்கலுக்குரிய விடை அவ்வரியில் இருக்கிறது என்பதையே அவர் உணரமாட்டார். தமிழ் சிக்கலான எழுத்தமைப்பைச் சேர்ந்தது என்பது அவர்க்கு எப்படித் தெரியும்? அவ்வரியைப் பின்வருமாறு மாற்றிப் பாருங்கள்.

'எழுத்துருவை மாற்றியும் தமிழ் எழுத்துகள் மாறவில்லையா? ரைட்டர் தமிழுக்கெனத் தனி எழுத்துருவை வைத்திருக்கிறது. டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறக்கவும். மொழி பற்றிய பிரிவில் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் எனும் கட்டத்தில் குறியிட்டு, ஓ.கே. பொத்தானை அழுத்தவும். இனிப் பத்திப் பாணியின் எழுத்துருப் பகுதியில் தமிழுக்குரிய பெட்டியும் தோன்றும்.'

பின்னது சற்று நீளம்தான். ஆயினும் படிப்பவர் தம் தொல்லையை முதல் வரியிலேயே அடையாளம் கண்டுகொள்கிறார். இறுதியில் திரையில் என்ன தோன்ற வேண்டும் என்பதையும் அறிகிறார். இவ்விரண்டாவது வடிவத்தை எழுதத் தக்கவர் யார் என்பதே நாம் ஊன்றி நோக்க வேண்டிய வினா. நிரல் எழுதிய வல்லுநர் இதனை எழுதுவது அரிது. அவர்க்கு இத்தொல்லை நேர்ந்ததே இல்லை. நேர்ந்திருப்பினும் நெடுநாட்களுக்கு முன்னரே மறந்திருப்பார். ஒன்றை நன்கறிந்தபின், அறியாதிருந்த நிலையை நினைவுக்குக் கொண்டுவருதல் எளிதன்று. ஆகவே புதிதாகக் கற்பவரின் முதல் ஒரு மணி நேரம் விலைமதிப்புடையது. எவ்விடத்தில் தடுமாறினோம், எந்தச் சொல் புரியவில்லை, எங்கே தேடினோம் என்பனவற்றை அப்போதே குறித்து வைப்பவர், வல்லுநராலும் தரவியலாத ஒன்றைத் தருகிறார்.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வு செய்த ஜான் கேரல் என்பார், அலுவலகப் பணியாளர் கணிப்பொறியில் கடிதம் எழுதக் கற்கும் முறையை அருகிருந்து கவனித்தார். எவரும் கையேட்டை முதற்பக்கத்திலிருந்து படிக்கவில்லை, உடனே வேலையில் இறங்கினர், தவறினர், தவற்றிலிருந்து மீளும் வழியைத் தேடினர், கையேட்டிலோ அவ்வழி இல்லை. எல்லாம் சரியாக நடக்கும் என்று நம்பியே கையேடுகள் எழுதப்பட்டிருந்தன. முன்னுரைகளைக் குறைத்து, உண்மையான வேலைகளைக் கொடுத்து, தவறினால் மீள்வதற்கான குறிப்புகளைச் சேர்த்து அவர் அமைத்த சுருக்கக் கையேடு நல்ல பயன் தந்தது. 1990இல் வெளியான 'நியூரம்பர்க் புனல்' எனும் அவரது நூல் இக்கொள்கையை விரித்துரைக்கிறது. மாணவர் தலையில் புனலை வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்னும் பழைய ஜெர்மானிய வேடிக்கைக் கற்பனையே அப்பெயருக்கு மூலம்.

நம்மவர்க்கு இச்சிந்தனை புதிதன்று. நன்னூல் ஆசிரியர் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாகவும் அழகுகளைப் பத்தாகவும் வகுத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய குற்றங்களைத் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்ததுண்டு. ஏதேனும் ஒரு மென்பொருளின் கையேட்டை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் இக்குற்றங்களைத் தேடிப் பாருங்கள். மேலே காட்டிய ஒரு வரி குன்றக் கூறலுக்கு நல்ல சான்று. தமிழ்த்துறை மாணவர் இதனை ஒரு பயிற்சியாகவே மேற்கொள்ளலாம்.

பணி நடைபெறும் முறை

லிப்ரே ஆபீஸ் கையேடுகளை எழுதுவோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒவ்வோர் இயலையும் ஒருவர் ஏற்று, புதிய பதிப்புடன் ஒப்பிட்டுத் திருத்துகிறார். திருத்தங்கள் அனைத்தும் அடையாளம் தெரியும்படி பதிவாகின்றன. மற்றொருவர் அவ்வியலைச் சரிபார்க்கிறார். கையேடுகள் அம்மென்பொருளைக் கொண்டே எழுதப்படுவதால், எழுதும்போதே அதனையும் கற்றுக்கொள்ள நேர்கிறது. முடிந்த கையேட்டின் முற்பகுதியில் பங்கேற்றோர் பெயர்கள் அச்சாகின்றன. எவரும் படியெடுக்கவும் திருத்தவும் மொழிபெயர்க்கவும் இசையும் உரிமத்துடன் அது வெளிவருகிறது. மென்பொருளைத் திருத்தும் உரிமையைத் தந்துவிட்டு, அதன் கையேட்டைத் திருத்தும் உரிமையை மறுத்தால், திருத்திய மென்பொருளுக்குத் திருந்தாத கையேடே எஞ்சும் என்று ஸ்டால்மன் வாதிட்டு வந்தது இங்கு நினைக்கத்தக்கது.

நிரல் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. கையேட்டில் கூறியபடி ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்து, எங்கே பொய்க்கிறது என்று எழுதி அனுப்புவதும் ஒரு பணியே. பழைய திரைப்படங்களை நீக்கிப் புதியன சேர்ப்பதும் அப்படியே. (திரைப்படம் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்கார்வர்; கணிப்பொறித் திரையின் படத்தையே குறித்தேன்!) மென்பொருளில் ஒரு பட்டியின் பெயர் மாறினால் கையேட்டில் இருபது இடங்களில் மாற்ற வேண்டும். மேலே கூறிய மொழி அமைப்புப் பிரிவே, முன்னர் 'லாங்குவேஜ் செட்டிங்ஸ்' என்றிருந்து பிந்திய பதிப்புகளில் 'லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ்' என மாறிவிட்டது. பழைய கையேட்டைப் பிடித்துக்கொண்டு அப்பெயரைத் தேடுபவர் என் செய்வார்?

தமிழில் எழுதுவோர்க்குத் தனித்த இடர் ஒன்றுண்டு. கையேடு தமிழில் இருக்கும். படிப்பவரின் திரையில் பட்டிகள் ஆங்கிலத்தில் இருக்கும். 'கருவிகள் பட்டியைத் திறக்கவும்' என்று எழுதினால், அப்பெயரைத் திரையில் காணாது அவர் மயங்குவார். திரையில் எச்சொல் தோன்றுகிறதோ அச்சொல்லையே எழுதிப் பக்கத்தில் தமிழ்ப் பொருளைத் தருவதே தக்கதென்பேன். தூய தமிழ் ஆர்வலர் என்னுடன் மாறுபடக்கூடும். மென்பொருளின் முகப்பையே தமிழாக்கி அதனைப் பரவச் செய்யும்வரை இவ்வுடன்பாடு வேண்டியதாகிறது. இத்துறையில் 2012 ஜனவரியில் தொடங்கப்பெற்ற 'கணியம்' என்னும் தமிழ் மின்னிதழ் குறிப்பிடத்தக்கது. கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய எளிய தமிழ்க் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டு, அவற்றுள் பலவற்றை மின்னூல்களாகவும் யாவர்க்கும் அது வழங்கியுள்ளது. எழுதுவோர் பலர் தம் அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதிலேயே எழுதுகின்றனர்.

தொண்டின் சுமை

தொண்டு என்ற சொல்லின் இனிமையில் அதன் சுமையை மறந்துவிடலாகாது. லினக்ஸ் நிரலர்க்கு இன்றியமையாத கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் பேணியவர் மைக்கேல் கெரிஸ்க். அவ்வனுபவத்தால் 2010இல் ஆயிரத்து ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் ஒன்றையும் அவர் எழுதினார். அவர்க்குப்பின் பொறுப்பேற்றவர், ஊதியமின்றி இனியும் இதனைத் தொடர இயலாது என்று 2024 செப்டம்பரில் அறிவித்துப் பணியை நிறுத்த நேர்ந்தது. பின்னரே சில பெரு நிறுவனங்கள் பொருளுதவிக்கு முன்வந்தன. உலகின் பெருவணிகக் கணிப்பொறிகள் லினக்ஸை நம்பி இயங்குகின்றன. அதன் கையேடோ ஒரு தனிமனிதரின் ஓய்வு நேரத்தை நம்பி நின்றது. பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் பலராகவும் தூர் வாருவோர் ஒருவராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதைப் பொருளியல் மாணவர் எளிதில் விளக்குவர். மாணவர் இப்பணிக்கு வரும்போது, இலாபம் ஈட்டும் நிறுவனம் தன் ஊழியரைக் கொண்டு செய்ய வேண்டிய வேலையா, பொதுமக்கள் அனைவர்க்கும் பயன்படும் வேலையா என்று பார்த்து இறங்குவது நன்று.

இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் நொடிப்பொழுதில் பக்கம் பக்கமாக எழுதித் தருகின்றனவே, இனி மனிதர் எழுதுவானேன் என்று கேட்கலாம். நடை குற்றமற்றே இருக்கிறது. ஆனால் இல்லாத பட்டியை இருப்பதாகவும், பழைய பதிப்பின் பொத்தானைப் புதியதில் காணலாமென்றும் அப்பொறிகள் தயக்கமின்றிக் கூறிவிடுவதுண்டு. படிப்பவர் அதனை நம்பித் தேடி அலைகிறார். எழுதியதை ஒருவர் கணிப்பொறிமுன் அமர்ந்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தே தீரவேண்டும்.

நம் கல்லூரியில் இதனைத் தொடங்கப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. கணிப்பொறிக் கூடத்தில் ஒரு பொறி, ஒரு குறிப்பேடு, இருவர் போதும். ஒருவர் கையேட்டை உரக்கப் படிக்க, அம்மென்பொருளை அதுவரை அறியாத மற்றவர் அதன்படி செய்ய வேண்டும். படிப்பவர் தம் சொந்தச் சொல் ஒன்றும் சேர்க்கலாகாது. செய்பவர் கை எங்கே நிற்கிறதோ அவ்விடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாலையில் ஓர் இயல் முடிந்துவிடும். லிப்ரே ஆபீஸின் புதிய பெரும்பதிப்புகள் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வெளிவருகின்றன. நம் பருவத் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.